ஜட்ஜம்மா படிக்காத முறையீடு

வீட்டில் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர். வைத்தவன் கணவன். இந்த வேலையில் சேர்ந்த புதிதில், அப்படி என்னதான் செய்கிறாள் என்று எல்லோரும் குடைந்தபோது, அவளே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். "கம்பெனி இன்டர்நெட்ல யாரோட கணக்கையாவது முடக்கிடுச்சுன்னா, அவங்க 'நான் தப்பு பண்ணல'ன்னு முறையிடுவாங்க. அதைப் படிச்சு, ரெண்டு பக்கமும் பாத்து, நாங்க தீர்ப்பு சொல்லணும்" என்றாள். கணவன் எழுந்து நின்று கைகூப்பினான். அன்றிலிருந்து தண்ணீர் கேட்பதென்றாலும் "கனம் ஜட்ஜம்மா அவர்களே" தான்.

அவள் கம்ப்யூட்டர் துறைக்கு வந்தது தீர்ப்புச் சொல்ல அல்ல, நிரல் எழுத. படிப்பு முடிந்த கையோடு வேலை, கழுத்தில் அடையாள அட்டை, நடையில் ஒரு மிடுக்கு. சொந்தத்தில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் அவள்தான். மகள் பிறந்து, விடுப்பு முடிந்து திரும்பியபோது அவள் எழுதிக்கொண்டிருந்த நிரல் மொழியையே கம்பெனி கைவிட்டிருந்தது. சரி, டெஸ்டிங் பாருங்கள் என்றார்கள். கொஞ்ச வருஷத்தில் டெஸ்டிங்கை மிஷினே செய்துகொள்ளும் என்றார்கள். வாடிக்கையாளர்களிடம் போனில் பேசும் வேலைக்குப் போனாள். அதையும் மிஷினே பேசிக்கொள்ளும் என்றார்கள். கடைசியில், பெரிய கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில், மிஷின் எடுத்த முடிவு சரியா என்று பார்க்கும் இந்த நாற்காலி கிடைத்தது. அட்டை மட்டும் இன்னும் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்ததால் சொந்தக்காரர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. "அத்தை மாதிரி கம்ப்யூட்டர் படி" என்று தங்கள் பிள்ளைகளை அவள் முன்னாலேயே விரட்டினார்கள். அவள் சிரித்துவைப்பாள்.

லிஃப்ட் பழுது பார்க்கும் கணவனுக்கு டெக்னாலஜி கம்பெனிகள் பற்றி எல்லா அபிப்பிராயமும் உண்டு. "போன் நம்மள ஒட்டுக்கேக்குது. நேத்து முதுகு வலின்னு உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன். காலையில கண்ணு முழிச்சா மெத்தை விளம்பரம்!"

"ஒட்டுக்கேக்க என்ன அவசியம்? கேட்டதுக்கெல்லாம் நீங்களே சம்மதம்னு அழுத்தியிருக்கீங்க."

"அவ்வளவு பெரிய பக்கத்தை எவன் படிப்பான்?"

எவன் படிப்பான் என்கிற கேள்வி வந்தாலே அவள் பேச்சை மாற்றிவிடுவாள்.

ஏனென்றால் அந்த நாற்காலியில் நடப்பது வேறு. திரையில் இடது பக்கம், கணக்கு முடங்கக் காரணமான படம். அதன் மேல் மிஷினின் முடிவு. கீழே முறையீடு, அதிலும் முதல் இரண்டு வரி மட்டும். மீதியைப் பார்க்க வேண்டுமென்றால் 'மேலும்' என்பதை அழுத்த வேண்டும். அழுத்தினால் நேரம் ஓடும். ஓடுகிற நேரம் திரையின் மூலையில் சிவப்பாகத் தெரியும். மிஷின் சொன்னதை ஏற்பதற்கு ஒரு தட்டு போதும்; படம் மறைந்து அடுத்தது வந்துவிடும். மறுப்பதென்றால் கதையே வேறு. ஏன் மறுக்கிறாய், எந்த விதிப்படி, எந்த உட்பிரிவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, சொந்த வார்த்தையில் விளக்கமும் எழுதச் சொல்லும். அது தரம் பார்க்கும் குழுவுக்குப் போகும். அவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் இவள் பெயரில் ஒரு கரும்புள்ளி. ஏற்றுக்கொண்டு தட்டினவர்களை யாரும் ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை.

அதனால் அந்தக் கூடத்தில் யாருமே "படித்தேன்" என்று சொல்லமாட்டார்கள். "தட்டிவிட்டேன்" என்பார்கள். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் 'மேலும்' அழுத்திப் படிப்பார்கள், கண் கலங்குவார்கள், எழுந்து போய் முகம் கழுவி வருவார்கள். மூன்றாம் வாரம் தட்டிவிடுவார்கள். ஜட்ஜம்மாவும் அப்படித்தான் பழகினாள். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கண்ணுக்குப் பின்னால் ஏதோ மணல் போட்டதுபோல் அறுக்கும். மகள் பேசினால் முதல் இரண்டு வார்த்தைதான் காதில் ஏறும். கொடுமைதான், ஆனால் வேலை என்னவோ அதுதான்.

அவளுக்கு ஒரே ஒரு தம்பி. செயற்கைக் கால் செய்கிறவன். அவன் பட்டறைக்கு முதல்முறை வருகிறவர்கள் வாசலிலேயே திடுக்கிடுவார்கள். சுவர் நெடுகக் கால்களாகத் தொங்கும், பெரியது, சின்னது, முழங்காலோடு ஒன்று, பாதம் மட்டும் ஒன்று. அவன் அவற்றுக்கு நடுவில் உட்கார்ந்து அரத்தால் பிளாஸ்டர் அச்சைத் தேய்த்துக்கொண்டே டீ குடிப்பான். கால் இழந்தவர்கள் சின்ன வலிக்கெல்லாம் பஸ் மாறி வந்து நிற்க முடியாது என்பதால், முக்கால்வாசி வேலை அந்தப் பெரிய கம்பெனியில் அவன் வைத்திருந்த கணக்கின் வழியாகவே நடந்தது. நடந்து காட்டி வீடியோ அனுப்புவார்கள். நடையைப் பார்த்தே எந்த இடத்தில் கடிக்கிறது என்று சொல்லிவிடுவான். பல வருஷத்து அளவுகள், படங்கள், போன் நம்பர்கள், கடிதங்கள் எல்லாம் அந்த ஒரே கணக்கில்தான்.

ஒருநாள் புதிதாகச் சாயம் பூசிக் காயவைத்த கால்களை வரிசையாகப் படம் எடுத்துப் போட்டான். நிறம் அப்படியே மனிதத் தோல்போல வந்திருந்த சந்தோஷம் அவனுக்கு. மிஷினுக்கும் அப்படியேதான் தெரிந்தது போலிருக்கிறது. காலையில் கணக்கு மூடிக் கிடந்தது.

"அக்கா, நான் வெட்டுன கால் விக்கிறேனாம்" என்று வந்து நின்றான்.

கணவனுக்குச் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது. "மச்சான், கொலைகாரன்னு சொல்லவே இல்லையே!"

"சிரிக்காதீங்க மாமா. ஒரு பொண்ணு, பரீட்சை எழுதப் போகணும். புதுக் கால் கடிக்குதுன்னு வீடியோ அனுப்பியிருந்தா. பாத்துட்டேன், எங்க தேய்க்கணும்னும் தெரிஞ்சுடுச்சு. பதில் அனுப்பறதுக்குள்ள மூடிட்டாங்க. அவ நம்பரும் உள்ளதான் இருக்கு. நான் வேணும்னே கண்டுக்கலன்னு நினைச்சுக்கிட்டிருப்பா."

யாரும் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

"அப்பீல் பண்ணுடா" என்றாள் அவள். "ஒரு தடவைதான் விடுவாங்க. நிதானமா எழுது."

"மனுஷங்க படிப்பாங்களா, இல்ல அதுவும் மிஷினா?"

"மனுஷங்கதான்."

"நீ படிப்பியா?"

"என்கிட்ட வராதுடா. தெரிஞ்சவங்களோடது வந்தா நாங்க தொடக்கூடாது. என்னை மாதிரி யாராவது பாப்பாங்க."

"உன்னை மாதிரின்னா போதும்" என்றான். அவன் முகம் தெளிந்தது.

இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினான். முடித்ததும் போனை நீட்டினான். "ஒரு பார்வை பாத்துக் குடேன்க்கா."

அவள் கையை இழுத்துக்கொண்டாள். "நான் பாக்கக்கூடாதுடா. ரூல்."

ரூல் உண்மைதான். திரையில் என்ன தெரியும், என்ன தெரியாது என்று வெளியே மூச்சு விடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். ஆனால் ரூல் மட்டும்தானா? 'எடுத்த எடுப்பிலேயே இது செயற்கைக் கால்னு எழுதுடா' என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். ஏன் என்று கேட்டிருப்பான். அதற்கு மேல் யாரும் படிப்பதில்லை என்று சொல்ல வேண்டி வந்திருக்கும். நானும் படிப்பதில்லை என்றும் சொல்ல வேண்டி வந்திருக்கும். கணவன் வேறு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஜட்ஜம்மா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அந்தப் பெயர் அவளுக்கே கொஞ்சம் பிடித்துப் போயிருந்தது. துறையில் அவளுக்கு மிச்சமிருந்த கௌரவம் அந்தக் கேலிப் பெயர் ஒன்றுதான். அதைக் காப்பாற்றிக்கொண்டு பேசாமல் இருந்தாள்.

தம்பி அனுப்பினான். அனுப்பிவிட்டுப் பட்டறையைப் பெருக்கி முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. 'உங்கள் முறையீட்டைக் கவனமாகப் படித்தோம். எங்கள் முடிவில் மாற்றமில்லை. இதுவே இறுதி.'

மறுநாள் அவள் தன் குழுத் தலைவனிடம் போனாள். அவளைவிட வயதில் ரொம்பச் சின்னவன், ஆனால் கண்ணுக்குக் கீழே அவளுக்கிருக்கும் அதே கருப்பு. தம்பி விஷயம் என்று சொல்லாமல் சுற்றி வளைக்கப் பார்த்தாள். பிறகு சலிப்பாக இருந்தது, நேராகவே சொன்னாள். இதைச் சொன்னதற்கே வேலை போகலாம் என்று தெரிந்துதான் சொன்னாள்.

அவன் கதவைச் சாத்தினான். "மேடம், நீங்க கேக்கல, நானும் கேட்டுக்கல. மூடினது மூடினதுதான். திறக்கற பட்டன் எனக்கே கிடையாது."

"யார்கிட்டதான் இருக்கு?"

"தெரிஞ்சா நானே முதல்ல போவேன். என் கணக்கு மூடி ரெண்டு வருஷமாச்சு. என் குழந்தை பிறந்த படமெல்லாம் அதுலதான் இருக்கு. இப்ப ஒய்ஃப் கணக்கை வெச்சு ஓட்டிக்கிட்டிருக்கேன்."

"எதுக்கு மூடினாங்க?"

"இன்னைக்கு வரைக்கும் தெரியாது" என்றான். கொட்டாவி விட்டான். "போய் சீட்ல உக்காருங்க மேடம். உங்க டைம் ஓடிக்கிட்டிருக்கு."

அவள் போய் உட்கார்ந்தாள். நாள் முழுவதும் தட்டினாள். வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராகப் பட்டறைக்குப் போனாள்.

தம்பி அச்சுத் தேய்த்துக்கொண்டிருந்தான். மேலெல்லாம் வெள்ளைத் தூள். அவளைப் பார்த்ததும் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். அந்தப் பெண் எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்தானாம். கிடைக்கவில்லை. பரீட்சையும் ஆரம்பித்துவிட்டதாம்.

"அவ அந்தக் காலை மாட்டிக்கிட்டுத்தான் போயிருப்பா. புண்ணாயிருக்கும்" என்றான். கொஞ்ச நேரம் தேய்த்தான். பிறகு, "நான் எந்த இடத்துல சொதப்பினேன்னுதான்க்கா தெரியல. மறுபடி மறுபடி மனசுக்குள்ள எழுதிப் பாக்கறேன். கோபமா எழுதல. பொய் எழுதல. எப்படிச் செய்யறோம், எதால செய்யறோம், எல்லாம் எழுதினேன். அவ்வளவையும் படிச்சுட்டும் நம்பலன்னா, எனக்குத்தான் எழுதத் தெரியல" என்றான்.

அவளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"படிக்கலடா. முதல் ரெண்டு வரிதான் தெரியும். மீதியை யாரும் திறக்க மாட்டாங்க. நானும் திறக்க மாட்டேன். என்கிட்ட வந்திருந்தா நானும் தட்டிவிட்டிருப்பேன்."

அரம் நின்றது. திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்பான் என்றும் நினைத்தாள்.

அவனோ ஒரு பெருமூச்சு விட்டான். "அப்ப நான் தப்பா எழுதல?"

"இல்லடா."

"அதான பாத்தேன்" என்றான். நேற்றிலிருந்து சுமந்ததை இறக்கி வைத்தவன்போல் தோளைத் தளர்த்திக்கொண்டான். அவள் ஸ்டூலை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"முதல் ரெண்டு வரியில என்னடா எழுதியிருந்த?"

"அது ஒண்ணுமில்ல, விடுக்கா."

"சொல்லு."

அவன் கையிலிருந்த தூளை வேட்டியில் துடைத்துக்கொண்டான். கொஞ்சம் கூச்சப்பட்டான். "சாயங்காலத்துல நீ வர்றப்ப உன் மூஞ்சியைப் பாத்திருக்கேன்ல. அந்தப் பக்கம் உக்காந்திருக்கறவங்களும் இப்படித்தான் ஓஞ்சு போயிருப்பாங்கன்னு தோணுச்சு. எடுத்தவுடனே என் கதையை ஆரம்பிக்க மனசு வரல. அதான், 'வணக்கம், சாப்பிட்டீங்களா? சாப்பிடலன்னா முதல்ல போய்ச் சாப்பிட்டு வாங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, அப்புறம் படிக்கலாம்'னு எழுதினேன். ரெண்டு வரி அதுலயே தீந்துபோச்சு போல."



"இன்னும் சாப்பிடலடா" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.