ஆணித் துளைக்குள் இருந்த தேனீ

பதினோராம் வகுப்புக்கு விலங்கியல் எடுப்பவள் நான். ஈக்கு இரண்டு சிறகு, தேனீக்கு நான்கு என்று வருடா வருடம் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுகிறேன். பரீட்சையில் மாற்றி எழுதும் பிள்ளைகளை, "கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது?" என்று கேட்பேன். இந்தக் கோடையில் அதை என்னிடம் திருப்பிக் கேட்க ஆள் இல்லாமல் போனது. கேட்டிருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொண்டிருப்பேன்.

நாமகிரிப்பேட்டைக்கு வெளியே, தோட்டங்களுக்கு நடுவில் எங்கள் வீடு. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் கறிக்கோழி வளர்க்கிறார்கள். குஞ்சும் தீவனமும் கம்பெனி தரும். வளர்த்துக் கொடுத்தால் கூலி. கம்பெனி குஞ்சு இறக்கவில்லை என்றால் ஷெட் சும்மா கிடக்கும், அவர்கள் அடுப்பும் சும்மா கிடக்கும். இது எனக்கு நன்றாகவே தெரியும்.

பங்குனிக் கடைசியில் என் படுக்கையறைச் சன்னலைச் சுற்றிச் சின்னச் சின்னக் கறுப்புப் பூச்சிகள் பறக்கத் தொடங்கின. கொசுவலை அடித்துக் கழற்றிய பழைய ஆணித் துளைகள் அந்த மரச்சட்டம் முழுக்க உண்டு. அவற்றில் நுழைவதும் வருவதுமாக இருந்தன. எறும்பைவிடக் கொஞ்சம் பெரிசு, மேலே முடியே இல்லாமல் மொழுமொழுவென்று மின்னின. கிட்டே போய்ப் பார்க்கவாவது செய்தேனா? இல்லை. கோழி ஷெட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பவளுக்குப் பறக்கிற கறுப்பெல்லாம் ஈதான். ஊராட்சி அலுவலகத்துக்குப் போய், பண்ணை ஈயால் சன்னலைத் திறக்க முடியவில்லை என்று சத்தம் போட்டேன். சத்தம் போடுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தப் பேச்சு கம்பெனி மேற்பார்வையாளர் காதுக்குப் போனது. புகார் தீரும்வரை அந்த ஷெட்டில் குஞ்சு இறக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

கோழி வளர்க்கும் அந்தப் பெண் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முதுகில் மருந்தடிக்கும் டப்பாவோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங்க டீச்சர், உங்க ஊட்டு சன்னலுக்கும் மருந்தடிச்சு உட்டர்றனுங்க. எங்களால உங்களுக்கு எதுக்குங்க தொந்தரவு?"

"அந்த ஓட்டைக்குள்ள எல்லாம் போற மாதிரி நல்லா அடி அம்மிணி," என்று பக்கத்தில் நின்று கை காட்டினேன். ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் சன்னல் திட்டில் செத்துக் கிடந்தவற்றைக் கூட்டும்போது ஒன்று மல்லாந்து கிடந்தது. வெயில் பட்டு அதன் முகத்தில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. ஈயின் முகத்தில் ஏது மஞ்சள்? பள்ளிக்கூடப் பையில் இருந்த பூதக்கண்ணாடியை எடுத்தேன். இரண்டு கண்ணுக்கும் நடுவில், முகமூடி கட்டியதுபோல் இளமஞ்சள் திட்டுகள். நீளமான உணர்கொம்பு. சிறகை ஊசியால் பிரித்தேன். நான்கு.

முகமூடித் தேனீ. படிக்கிற காலத்தில் பெயரளவில் தெரிந்ததை அன்றைக்குப் புத்தகத்தை எடுத்து வைத்துப் படித்தேன். இதற்கு ராணி கிடையாது, வேலைக்காரக் கூட்டம் கிடையாது. ஒரு தாய் தனியாகவே எல்லாம் செய்கிறாள். கிடைத்த துளையில் தன் வாயில் ஊறும் நீரைப் பூசிக் கண்ணாடித்தாள் மாதிரி உறை போடுகிறாள். மகரந்தத்தைக் காலில் ஒட்டிக்கொண்டு வர முடி இல்லை. அதனால் விழுங்கிக்கொண்டு வந்து, தேனோடு சேர்த்து உறைக்குள் கக்கி, மேலே ஒரு முட்டை வைத்து மூடுகிறாள். ஆணுக்கு முகத்தில் மஞ்சள் இன்னும் அதிகம். முடி இல்லாததையும் பிளந்த குட்டை நாக்கையும் பார்த்து, குளவிக்குப் பக்கத்தில் நிற்கிற ஆதிகாலத் தேனீ இதுதான் என்று வகைப்படுத்தினவர்கள் ஒரு காலத்தில் நம்பினார்களாம். பிறகு மாற்றிக்கொண்டார்கள். பெரிய பெரிய ஆட்களே ஏமாந்தார்கள் என்று மனதைத் தேற்றப் பார்த்தேன். அவர்கள் தடுமாறியது வம்சாவளியில். நான் தடுமாறியது நாலு வரை எண்ணுவதில்.

கொண்டை ஊசியால் ஒரு துளையைக் கிளறினேன். மெல்லிசான உறை ஒன்று கிழியாமல் வந்தது. உள்ளே மஞ்சள் கூழ், அதன்மேல் வெள்ளைப் புழு. தொட்டேன், அசையவில்லை. நான் கெடுத்தது இந்தப் பூச்சியின் குடியை மட்டும் அல்ல. பக்கத்துத் தோட்டத்து ஷெட் காலியாகக் கிடக்கிறதே.

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போனேன். அவள் வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஒரு மூச்சில் சொன்னேன்.

"அம்மிணி, அது ஈயே இல்ல. ஒரு வகைத் தேனீ. என்ற ஊட்டு சன்னல்லயே கூடு கட்டியிருந்துருக்குது. உங்க கோழிக்கும் அதுக்கும் ஒரு சம்மந்தமும் இல்ல. தப்பு என்னோடது."

அவள் துணியைப் பிழிந்து உதறினாள். "எங்க ஷெட்டுல ஈ இல்லீன்னு எனக்குத் தெரியுமுங்க. தெனம் சுண்ணாம்பு தூவறது நானுங்களே. கம்பெனி சூப்பர்வைசருகிட்ட சொன்னனுங்க. பூச்சியப் பத்திப் பாடம் நடத்துறவங்களே சொல்றாங்க, நீ வாய மூடுன்னுட்டாரு."

அவள் செல்போனை வாங்கி அங்கேயே நின்று மேற்பார்வையாளரிடம் பேசினேன். ஊராட்சியில் போட்ட சத்தமெல்லாம் என் தப்பு என்று மெல்லச் சொன்னேன். அவர் மரியாதையாகத்தான் கேட்டார். "சரிங்க மேடம். ஆனா இந்தத் தடவைக் குஞ்செல்லாம் வேற ஷெட்டுக்கு ஒதுக்கியாச்சுங்க. அடுத்த தடவை பாக்கலாமுங்க," என்றார்.

அதை அவளிடம் சொன்னேன். தலையாட்டினாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தேனீங்க," என்றாள். "உள்ள இருந்த குஞ்சு ஏதாச்சும் பொழச்சுதுங்களா?"

"இல்ல அம்மிணி."

"ஐயோ பாவமுங்க. என்ற கையால போயிருச்சே."

என் பழியைச் சுமந்தது போதாதென்று அந்தப் பாவத்தையும் அவளே எடுத்துக்கொண்டாள். அடி அடி என்று கை காட்டினவள் நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.