பன்னிரண்டாம் அத்தியாயத்தின் பென்சில் கோடு

என் மகள் பிளஸ் ஒன் படித்தபோது அவள் வகுப்பில் பாதிப் பேர் ஒரே ஆங்கில நாவலைப் படித்துக்கொண்டிருந்தார்கள். மேற்குத் தாம்பரத்தில் இருந்த வாடகை நூலகத்தில் அதற்கு வரிசையே நின்றது. அவள் முறை வந்து புத்தகம் வீட்டுக்கு வந்ததும், அவள் பள்ளிக்குப் போன பிறகு அதை எடுத்துப் பிரவுன் பேப்பர் அட்டை போட்டு, மின்சார ரயிலில் லேடீஸ் கம்பார்ட்மென்டில் நின்றபடியே கிண்டி வரை படித்தேன். மாலையில் அவள் வருவதற்குள் அட்டையைக் கழற்றி, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவேன். நாலு நாளில் முடிந்தது.

மோசமான நாவல். பதினாறு வயதுப் பெண்ணுக்கு மட்டும் புத்தி இருக்கிறது. சுற்றியிருக்கும் பெரியவர்கள் ஒருவருக்கும் இல்லை. அம்மா என்று ஒருத்தி வருகிறாள். இருநூறு பக்கத்தில் அவள் செய்யும் ஒரே வேலை, கதவருகே நின்று எங்கே போகிறாய் என்று கேட்பது. அந்தப் பெண் உடுத்தியதை யார் துவைத்தார்கள்? அந்த ஊரில் மெஷின் துவைக்கும் என்றே வைத்துக்கொள்வோம், மெஷினில் போட்டது யார்? எழுதியவருக்கு அதெல்லாம் தோன்றவேயில்லை. பெண் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிப் போய்விடுகிறாள். அது வீரமாம்.

அதே வாரம் ஒரு கேசட்டும் வந்து சேர்ந்தது. தோழியின் அண்ணன் வாங்கியது, கைமாறி வந்திருந்தது. மெட்டல் மியூசிக் என்றாள் மகள். அட்டையில் எலும்புக்கூடு, உள்ளே மடித்த தாளில் எறும்பு எழுத்தில் பாட்டு வரிகள். இரண்டு பக்கமும் முழுக்கக் கேட்டேன். பாடுகிறவர் பாடுகிறாரா, உப்புத் தண்ணீரில் தொண்டையைக் கொப்பளிக்கிறாரா என்று புரியவில்லை. என் கணவர் உள்ளே எட்டிப் பார்த்து, மிக்ஸி போய்விட்டதா என்று கேட்டார். இரண்டாம் பக்கத்தில் ஒரு பாட்டு மட்டும் கிட்டாரில் மெதுவாகத் தொடங்கும். அது நன்றாகவே இருந்தது. ஒரு நிமிடம்தான், பிறகு அதையும் கெடுத்துவிட்டார்கள். தாளைப் படித்தால், வீடு எரிவதைப் பற்றி ஒரு பாட்டு, தூங்கி எழாமலே போவதைப் பற்றி இரண்டு.

இதையெல்லாம் எரிச்சலோடு விட்டிருப்பேன். ஆனால் நாவலின் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ஒரு வரிக்குக் கீழே பென்சில் கோடு இருந்தது. இரவுச் சாப்பாட்டு நேரம் வரை என்னைத் தேடமாட்டார்கள் என்று அந்தப் பெண் நினைத்துக்கொள்ளும் வரி. அழுத்தமாக, இரண்டு முறை போட்ட கோடு. மகள் போட்ட கோடு என்றே நினைத்தேன்; அவளும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாளோ என்று பயந்தேன். மகளிடம் கேட்கவும் வாய் வரவில்லை. கேட்டால் திருட்டுத்தனமாகப் படித்தது தெரிந்துவிடுமே.

வியாழக்கிழமை ஆறு மணிக்கு நான் சிட்லபாக்கம் வீட்டுக்குத் திரும்பியபோது அவள் இல்லை. மேசையில் நாவலும் இல்லை, கேசட்டும் இல்லை. ஆறேகாலுக்குள் வந்துவிடுபவள்தான் என்று ஆறரை வரை பொறுத்தேன். பிறகு ஆட்டோ பிடித்துத் தாம்பரம் ஸ்டேஷனுக்கு ஓடினேன். மைக் வைத்திருந்த அறையில் கெஞ்சினேன். பெயர், அப்பா பெயர், பள்ளி, வகுப்பு, இரட்டைப் பின்னல், எல்லாவற்றையும் எழுதிக்கொண்ட ஊழியர், வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

"அம்மா திட்டமாட்டாங்கன்னு சொல்லுங்க சார்."

அதையும் சொன்னார். மூன்று முறை, செங்கல்பட்டு வண்டிக்குக் காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி.

ஐந்து நிமிடத்தில் அவள் வந்தாள். மேற்குத் தாம்பரத்தில் புத்தகத்தை நூலகத்திலும் கேசட்டைத் தோழியிடமும் திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வருவதற்காக ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தாளாம். அவள் பின்னால், சிரிப்பை அடக்கிக்கொண்டு வகுப்புப் பெண்கள் நாலு பேர்.

"என்னாச்சும்மா? அப்பாவுக்கு ஏதாவதா?"

நான் கோட்டைப் பற்றி உளறினேன்.

"அது லைப்ரரி புக்கும்மா. எனக்கு முன்னாடி எத்தன பேர் படிச்சிருப்பாங்க. யார் போட்ட கோடோ."

வாடகை நூலகப் புத்தகத்தில் கோடும் கிறுக்கலும் இல்லாத பக்கம் உண்டா? என் கல்லூரி நாட்களில் நானே போட்டிருக்கிறேன். அப்போது அது நினைவுக்கு வரவில்லை.

ஆட்டோ பிடித்துத் திரும்பினோம். வீட்டு வாசலில் இறங்கியதும் கேட்டாள்.

"முழுசா படிச்சியா?"

"படிச்சேன்."

"அந்த அம்மாவ அவ்ளோ முட்டாளா எழுதியிருக்க வேணாம்னு நான் கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சண்ட போட்டேன். நீ படிச்சேன்னு சொல்லியிருந்தா உங்கிட்ட பேசியிருப்பேன்ல?"

எட்டு மாதம் ஆகிறது. பள்ளியில் அவளுக்கு இப்போது 'திட்டமாட்டாங்க' என்றுதான் பெயர். அவள் வெளியே கிளம்பும்போது எங்கே, எத்தனை நிமிடம் என்று அலுவலகத்தில் சொல்வதைப் போலச் சொல்லிவிட்டுப் போகிறாள். சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிடுகிறாள். என்ன படிக்கிறாய் என்று இப்போது நேராகவே கேட்கிறேன்.

"சும்மா, ஒரு புக்" என்கிறாள்.