கைக்கெட்டாத தூரம்

முதலில் போனது பசி. வயலிலிருந்து வந்து தட்டின் முன் உட்கார்ந்தால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பேன். வாய்க்குக் கொண்டுபோகத் தோன்றாது. பிறகு தூக்கம் போனது. அதன்பின் பல் துலக்குவதே ஒரு நாள் வேலையாகத் தெரிந்தது.

திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. மகன் சிங்கப்பூரில். மனைவி செல்வி, மகளின் பிரசவத்துக்காகச் சென்னைக்குப் போயிருந்தாள். "சாப்டீங்களா?" என்று போனில் கேட்பாள். "ஆச்சு" என்பேன். சில நாட்களில் நான் பேசியதே அந்த ஒரு சொல்தான்.

ரத்த அழுத்தம் பார்க்க வீட்டுக்கு வரும் செவிலியர், நான் இளைத்துப்போய் வேட்டியை மறுபடி மறுபடி இறுக்கிக் கட்டுவதைக் கவனித்தார். கருவியை எடுத்து வைத்துவிட்டு நேராகவே கேட்டார்.

"செத்துடலாம்னு தோணுதாண்ணே?"

கோபம் வரவில்லை. "ஆமாம்மா" என்றேன். வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

அவரே என்னைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். மனச்சோர்வு நோய் (வெறும் கவலை அல்ல, பசி, தூக்கம், ஆசை எல்லாவற்றையும் முடக்கிவிடும் நோய்) என்றார் டாக்டரம்மா. மாத்திரை வேலை செய்யச் சில வாரமாகும் என்றும் சொன்னார்.

"வயலுக்கு அடிக்கிற மருந்து வீட்ல இருக்கா?"

"விவசாயி வீட்ல இல்லாம இருக்குமா டாக்டர்?"

"இனிமே இருக்க வேணாம். செத்துடணுங்கற அந்த வேகம் கொஞ்ச நேரந்தான் இருக்கும். அந்த நேரத்துல கைக்கெட்டாம இருந்தாப் போதும்."

எங்கள் ஊர் மகளிர் குழு, பூச்சிமருந்துகளை ஓர் அறையில் பூட்டிவைக்கும் ஏற்பாட்டை அப்போதுதான் தொடங்கியிருந்தது. தேவைப்படும்போது பயிரைச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். செவிலியர் என் வீட்டிலிருந்ததையும் அங்கே கொண்டுபோய் வைத்தார். என் பொருளை நான் கேட்டு வாங்குவதா என்று மனத்துக்குள் குமைந்தேன்.

குறுவை அறுத்து முடிந்த ஒரு மத்தியானம் அந்த வேகம் வந்தது. வீட்டில் தேடினேன், ஒன்றும் இல்லை. குழுவில் அந்த அறையின் சாவியை வைத்திருக்கும் சித்ராவின் வீட்டுக்கு நடந்தேன். அவள் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அறையைத் தொறம்மா. மருந்து வேணும்."

"எந்தப் பயிருக்குண்ணே? இப்ப வயல்ல ஒண்ணுமில்லையே."

வாசல் தூணைப் பிடித்துக்கொண்டேன். சித்ரா முறத்தைக் கீழே வைத்தாள். எழுந்து போய்ச் சாவியை எடுக்கவில்லை. ஒரு நாற்காலியைத்தான் எடுத்துவந்து போட்டாள்.

"உக்காருங்கண்ணே. நர்சம்மாவக் கூப்புடுறேன். அவங்க வர்ற வரைக்கும் நான் எங்கயும் போகல."

உட்கார்ந்தேன். அவள் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. நான் அழுதபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. வெயில் இறங்கியது. என்னைப் பிடித்து இழுத்துவந்த வேகம் எப்போது பிடியை விட்டதென்று தெரியவில்லை. செவிலியர் வந்தபோது எனக்குத் தாகமாக இருந்தது. தண்ணீர் கேட்டேன்.

செவிலியர் போனில் சொல்லி, மறுநாள் செல்வி வந்துவிட்டாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டாள். ஆனால் இந்த நோயின் தனிமை, ஆள் வந்தவுடன் போய்விடுவதில்லை. அவள் அருகில் இருக்கும்போதே நான் எங்கோ வெளியூரில் இருப்பதுபோல் மாதக்கணக்கில் இருந்தது. இப்போதும் சில நாட்களில் அப்படித்தான்.

இதே நிலையில் இருந்து இதைப் படிக்கிறீர்கள் என்றால், ஒரே ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் ஒருவர் இப்படி ஒடுங்கிப் போயிருந்தால், தயங்காமல் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

இப்போது சம்பா கதிர் வாங்குகிறது. மாத்திரை தொடர்கிறது. முன்பு நான் அடுத்த போகம், அடுத்த வருஷம் என்றே யோசிப்பவன். இப்போது காலையில் எழுந்தால் சாயங்காலம் வரைக்கும்தான். வரப்பில் வேகமாக நடந்தால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. நின்றுவிடுகிறேன். அவசரம் ஒன்றுமில்லை. அது அடங்கும் வரைக்கும் காத்திருந்து, பிறகு நடக்கிறேன்.