இன்னொரு தரம் அலசு

பெரியப்பா சலவைக்கடை வைத்திருக்கிறார். துவைப்பது பெரியம்மாவின் தம்பி, எனக்கு மாமா. இஸ்திரி போடுவது பெரியப்பா. உதட்டோரம் சிகரெட் புகைய, பெட்டியைத் தள்ளுவார். சாம்பல் மட்டும் துணியில் விழாது. அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

போன வருடம் இருமல் உலுக்கி எடுத்ததில் சிகரெட்டை விட்டார். கொஞ்ச நாள் யார் பேசினாலும் எரிந்து விழுந்தார். பிறகு ஆசை அடங்கிவிட்டது. எதிரே செருப்புக்கடைக்காரர் முகத்துக்கு நேரே ஊதினாலும், நம் பஸ் இல்லை என்பதுபோலப் பார்ப்பார்.

"நெஜமாவே தோணலையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"விவாகரத்து ஆன மாதிரிப்பா. எதிர்ல பார்த்தா சிரிக்கிறேன், அவ்வளவுதான்."

ஆசை போனபின் மூக்கு திரும்பி வந்தது. ஒரு காலை, ஈரச் சட்டையில் பெட்டியை அழுத்தியவர் சட்டென்று தூக்கினார். ஆவியோடு சிகரெட் நாற்றம். கொடியில் கிடந்த துணிகளை முகர்ந்தார், சோப்பு வாசனைதான். குனிந்து, மேசைமேல் விரித்திருந்த பழைய கம்பளியில் மூக்கை வைத்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

அதுவரை, துணியில் வாடை என்று யார் குறை சொன்னாலும், அவர்கள் முன்னாலேயே மாமாவைக் கூப்பிடுவார். "மாப்ளே, அலசச் சொன்னா தண்ணியைக் காட்டிட்டு எடுத்துடுறியா? இன்னொரு தரம் அலசு." மாமா துணியை மறுபடி தொட்டிக்கு எடுத்துப்போவார். நாளடைவில் எல்லாத் துணியையும் இன்னொரு தரம் அலசத் தொடங்கினார். விரலிடுக்குகள் வெடித்துக் கிடக்கும்.

அன்று காலை பெரியப்பா ஒரே சட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். என்னைப் பார்த்தார். நான் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். கடைசியில் தொட்டியருகே போனார்.

"மாப்ளே, அலசினது போதும்."

"இன்னும் ஒரு தரம் இருக்கு அத்தான்."

"வேணாம். வாடை உன் துணியில இல்ல. என் மேசையில. என் சிகரெட்டு. இத்தனை வருஷமா…"

மாமா குழாயை மூடினார். "வக்கீலம்மா முன்னாடி திட்டினீங்களே, அதுவுமா?"

"அதுவும்தான்."

"இன்னிக்கு கோட்டு வாங்க வருவாங்க."

பெரியப்பாவுக்குப் புரிந்தது.

வக்கீலம்மா வந்ததும், பெரியப்பா மாமாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். "அன்னிக்கு உங்க முன்னாடி இவனைத் திட்டினேன்ல? தப்பு என்னோடதும்மா."

"என்னிக்கு?" என்றார் அவர். நினைவே இல்லை.

பெரியப்பா முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. அந்தக் குறை, அந்தத் திட்டு, சொன்ன சொல் உட்பட. மாமா ஈரக் கையைத் துடைத்தபடி, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.