கோணாமலை இல்லாத படங்கள்

மட்டக்களப்பு நகரில் நல்லரத்தினம் ஸ்டூடியோ வைத்திருந்தார். சண்டை தொடங்கிய பின் கலியாணப் படங்கள் அருகிப்போய், அடையாள அட்டைக்கு முகம் எடுக்கிற வேலைதான் மிஞ்சியது. தொண்ணூற்று மூன்றில் ஒரு நிவாரண நிறுவனம் அவரைக் கூப்பிட்டு, வாவிக்கு அக்கரையில், படுவான்கரைச் சனம் எப்படிச் சீவிக்கிறது என்று படம் எடுத்துத் தரக் கேட்டது. மண்ணெண்ணெயைக்கூட அந்தப் பக்கம் கொண்டுபோக ஆமி விடாத காலம் அது.

தோணியேறிப் போனவர் கரையோரக் குடிசையொன்றில் அன்னப்பூரணியைக் கண்டார். அவள் மரவள்ளிக் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பெண் பிள்ளைகள் பானையைப் பார்த்தபடி குந்தியிருந்தார்கள். வாவியில் வலை வீசத் தடை என்பதால் அவள் புருசன் கோணாமலையும் வீட்டில்தான் நின்றான். படம் என்றதும் கொடியில் கிடந்த சேட்டை எடுத்து மாட்டி, தலையை வாரிக்கொண்டு மனைவிக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

நெடிய, உரமான ஆள். இவன் நின்றால் யார் இதைப் பஞ்சம் என்பார்கள்? நல்லரத்தினம் கமெராவை இறக்கினார்.

"தம்பி, கொஞ்சம் அங்கால நில்லுங்க. தாயும் பிள்ளைகளும் போதும்."

"என்னப் பாத்தா பசி தெரியல்ல போல!" என்று சிரித்துக்கொண்டே கோணாமலை வேலிப் பக்கம் ஒதுங்கினான்.

படங்களை நிறுவனத்தார் மெச்சினார்கள். கொழும்பில் ஒரு மண்டபத்திலும் வைத்தார்களாம்.

ஏழு மாதம் கழித்து அன்னப்பூரணி ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றாள்.

"விறகு விக்கப் போனவர் இன்னும் வரல்லண்ணே. முறைப்பாடு குடுக்கப் போனா படம் கேக்கிறாங்க. அடையாள அட்டையும் அவரோடதான் போச்சு, எங்களிட்ட ஒண்டுமில்ல. நீங்க அண்டைக்கு எடுத்தீங்கதானே?"

நல்லரத்தினம் நெகட்டிவ்களை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றில் மட்டும், வேலியோரம், மடித்துவிட்ட சேட்டுக்கையும் ஒரு முழங்கையும். கடைசி நாலும் வாவியில் வெயில் சாய்கிற படங்கள். சுருளை முடிக்கவென்று தோணியிலிருந்து சும்மா எடுத்தவை. தலையை நிமிர்த்தப் பயந்து மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார்.

"அவரத் தள்ளி நிக்கச் சொன்னது நான்தான், தங்கச்சி."

"ஓம். ரெண்டு நாளா அதையே சொல்லிச் சொல்லிச் சிரிச்சவர்."

அவள் குரலில் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பார்.

கோணாமலை திரும்பி வரவேயில்லை. நல்லரத்தினம் பிறகும் பல தடவை அக்கரைக்குப் போனார். வந்து நின்ற ஒருவரையும் விலகச் சொல்லவில்லை. ஆளுக்கொரு படம் கழுவிக் கொடுத்தார். 'எல்லாரும் சிரிக்கிறார்களே' என்று குறைப்பட்ட நிறுவனம் அதன்பின் அவரைக் கூப்பிடவில்லை. அன்னப்பூரணியின் வீட்டு வளவு வழியே மட்டும் அவர் ஒருநாளும் போனதில்லை.