அது மாவுக்கட்டு இல்லை

நீங்கள் பொய் சொன்னீர்கள், அண்ணாச்சி. பழைய மாணவர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பற்றிக் கூசாமல் சொன்னீர்கள். உடைந்த விரல்களோடு கல்லூரிக்காக ஆடினான், அதோடு அவன் ஹாக்கி முடிந்தது, பாவம், பிறகு மேளத்துக்குப் போய்விட்டான் என்று. எல்லோரும் கை தட்டினார்கள். என் மகள் என் பக்கத்தில் இருந்தாள். அவளும் தவில்தான் படிக்கிறாள். பஸ்ஸில் வரும்போது என் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்த வெரலுப்பா ஒடஞ்சுது?" என்று கேட்டாள்.

எந்த விரலும் உடையவில்லை. அது உங்களுக்கே தெரியும். கை தட்டியவர்களுக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் படித்தோம். நீங்கள் கேப்டன். நான் ரைட் ஹாஃப். என்னைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனவன் அந்த வட்டாரத்தில் குறைவு. இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. என் அப்பா தவில்காரர். முகூர்த்த நாட்களில் நானும் அவரோடு வாசிக்கப் போவேன். அதனால் அணியில் எனக்குப் பெயர் 'மேளம்'. பந்து கேட்டால்கூட, "லே மேளம், இங்கன தள்ளு" என்பீர்கள்.

கல்லூரிகளுக்கிடையே நடந்த கோப்பைப் போட்டியில் இறுதி ஆட்டத்தன்று காலையில் ஏரலில் ஒரு கல்யாணம். தவில் வாசிக்கிறவர்கள் வலது கை விரல்களில் கூடு போட்டுக்கொள்வோம். துணிநாடாவில் மைதாப் பசையைத் தடவிச் சுற்றிச் சுற்றிக் காயவைப்பது. காய்ந்தால் கல் மாதிரி இருக்கும். முந்தின நாள் மாப்பிள்ளை அழைப்பிலிருந்து வாசித்ததில் எனக்கு விரல்கள் வீங்கிவிட்டன. கூடு கழலவில்லை. அப்படியே பஸ் ஏறி, வண்ணார்பேட்டையில் இறங்கி, மைதானத்துக்கு ஓடிவந்தேன்.

எதிரணிக்காரன் ஒருத்தன் என் கையைப் பார்த்துவிட்டு, "என்னவே, மாவுக்கட்டா?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். விரல் முறிந்துவிட்டது, சொன்னாலும் கேட்காமல் ஆட வந்திருக்கிறான் என்று முகத்தைத் தொங்கப்போட்டுச் சொன்னீர்கள். பிறகு என்னைத் தனியே இழுத்துப்போய்ச் சிரித்தீர்கள்.

"கழட்டாதலே. எல்லாப் பயலும் ஒன் பக்கந்தான் வருவான், பாரு."

வந்தார்கள். ஒடிந்த கையென்று நினைத்து ஆட்டம் முழுக்க என் பக்கமே வந்தார்கள். ஹாக்கியில் மட்டையைத் திருப்புவது இடது கை. வலது கை சும்மா துணைக்கு. அவர்களும் ஹாக்கி ஆடுகிறவர்கள்தான், வெள்ளையாக நாலு விரலைப் பார்த்ததும் அதை மறந்துவிட்டார்கள். என் இடது கையோ சின்ன வயதிலிருந்து தவில் கழி பிடித்த கை. வந்த பந்தையெல்லாம் பிடுங்கினேன். கடைசியில் ஒரு பந்தைப் பிடுங்கி உங்களுக்குத் தள்ளினேன். நீங்கள் கோல் போட்டீர்கள். கோப்பை வந்தது. அன்று நாம் ரெண்டு பேரும் அந்த மாவுக்கட்டை நினைத்து வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்றைக்கு அது நல்ல குறும்பு. எனக்கும் அதில் பங்கு உண்டு.

அதன் பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலைக்கு ரெண்டு பேரையும் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. நீங்கள் தச்சநல்லூரில் எங்கள் வீட்டுக்கே வந்து, அப்பா காதுபடத் திட்டினீர்கள்.

"சர்க்கார் வேலைய விட்டுட்டு எவனாவது கொட்டு அடிக்கப் போவானாலே?"

"அடிக்கிறது மட்டையாலண்ணே. தவில வாசிக்கணும்."

அன்று சாயங்காலம் அப்பா தன் தவிலை எடுத்து என் முன்னால் வைத்தார்.

எனக்கு எதுவும் கைவிட்டுப் போகவில்லை, அண்ணாச்சி. நான்தான் ஒன்றை விட்டேன், இன்னொன்றை எடுத்தேன். இந்த ஆற்றங்கரையில் நான் வாசிக்காத கோயில் கொடை விழா குறைவு. தேர் நிலைக்கு வரும்வரை தோளில் தவிலோடு நின்று வாசித்திருக்கிறேன். தனி ஆவர்த்தனம் வாசிக்கும்போது, கிளம்பின ஆட்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த ஹாக்கி ஆட்டமே தவில் கொடுத்த ஆட்டம். நீங்கள் அதைத் தலைகீழாக மாற்றி, ஹாக்கி உடைந்த இடத்தில் தவிலை ஒட்டுப் போட்டுவிட்டீர்கள்.

நல்லெண்ணத்தில் சொன்னதாக ஆள் அனுப்பினீர்கள். ஒருத்தன் தானாக விரும்பி மேளக்காரன் ஆனான் என்று சொல்ல உங்களுக்கு வெட்கம். அதற்கு என் விரலை உடைத்தீர்கள்.

ஆள் அனுப்ப வேண்டாம். வீட்டுக்கு வந்து தோளில் கை போடவும் வேண்டாம். அடுத்த கூட்டத்தில் அதே மேடையில் ஏறி, அது மாவுக்கட்டு இல்லை, கூடு என்று சொல்லுங்கள். தவில் எடுக்கிறவனுக்கு முதலில் ஏதாவது உடைந்திருக்க வேண்டும் என்று ஏன் நினைத்தீர்கள், அதையும் சொல்லுங்கள். மைக்கில் சொல்லுங்கள். என் மகள் முன்வரிசையில் இருப்பாள்.