நடு மொட்டு

முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த கண்டக்டருக்குச் செடி கொடி என்றாலே காத தூரம். தோட்டம் அக்காவின் ராஜ்ஜியம். கல்யாணமே வேண்டாமென்று தம்பி வீட்டோடு இருந்துவிட்டவள். விடிந்ததும் டேலியா செடியிடம் போய், நடு மொட்டை விட்டுவிட்டுப் பக்க மொட்டுகளைக் கிள்ளுவாள். அப்போதுதான் சத்தெல்லாம் ஒன்றுக்கே போய், பூ சாப்பாட்டுத் தட்டு அகலம் வருமாம். கிள்ளியதைத் துவைக்கிற கல்லில் வரிசையாக வைப்பாள்.

"பாவம்க்கா அதுங்க."

"நீ படியில தொங்குறவனை இறக்கி விடலையா? போடா."

அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர் யார்!

அந்த அக்கா, செடி மொட்டு விடுகிற மாதத்தில் போய்ச் சேர்ந்தாள். பத்து நாள் கழித்து இவர் முகம் கழுவப் போனால், கல்லின்மேல் நாலு பச்சை மொட்டு, வரிசையாக. கொல்லைக் கதவு பூட்டியிருந்தது, மதிலோ ஆள் உயரம். மறுநாள் மூன்று. அடுத்த நாள் ஐந்து. பயந்தார், அதை மறைப்பானேன்? ஆனால் நாலாம் நாள் மனுஷன் இரண்டு டம்ளரில் டீ போட்டு, ஒன்றைக் கல்லில் வைத்தார்.

"சூடா இருக்கு, பாத்துக் குடிக்கா."

கொஞ்ச நேரத்தில் டம்ளர் காலி. காக்கா குடித்ததோ என்னவோ, அவர் ஆராயவில்லை.

வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் போனில் விடவில்லை. "அம்மாவும் இல்ல, இப்ப அத்தையும் இல்ல. தனியா இருந்தது போதும்ப்பா, எங்க வீட்டுக்கு வந்துடுங்க."

யார் தனியா இருக்கா என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் டாக்டரிடம் இழுத்துப் போவாள். "நடு மொட்டு விரியட்டும்மா. அத்தை ஆசையா வளத்தது. பாத்துட்டு வந்துடுறேன்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

மொட்டு சும்மா இருக்குமா? இரண்டே வாரத்தில் கருஞ்சிவப்பு எட்டிப் பார்த்தது. நாளைக்கே வண்டியோடு வருகிறேன் என்றாள் மகள். அன்று சாயங்காலம் அவர் செய்த காரியத்தை என்னவென்று சொல்ல! அக்காவை விட்டுப் போக மனசு வரவில்லை. நடு மொட்டைக் கிள்ளி மதிலுக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டார். பூ இல்லாவிட்டால் பயணமும் இல்லை என்று ஒரு சின்னப்பிள்ளைக் கணக்கு.

காலையில் கல்லின்மேல் அந்தக் கருஞ்சிவப்பு மொட்டு கிடந்தது. அது ஒன்றுதான்.

"உன்னை விட்டுப் போகக் கூடாதுன்னுதான்க்கா கிள்ளினேன்" என்று அழுதே விட்டார். மகளிடம் ஏதோ சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்பினார்.

அதற்கப்புறம் கல்லில் ஒரு மொட்டும் இல்லை. புதிதாக வந்த பக்க மொட்டெல்லாம் கிள்ள ஆளில்லாமல், சட்டைப் பொத்தான் அளவில் செடி முழுக்கப் பூத்துவிட்டன. தினமும் வைக்கிற டீ ஆடை கட்டி அப்படியே இருந்தது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு மகளுக்குப் போன் போட்டார்.

"வந்து கூட்டிட்டுப் போம்மா. இங்க நான் தனியா இருக்கேன்."